லீவ் லெட்டரில் எழுதாத நோய்

"கடுமையான காய்ச்சல் காரணமாக…" என்று லீவ் லெட்டர் தொடங்கும். அனுப்பியவர் நாக்கடியில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் 98.4தான் காட்டும். இரண்டு வாரமாக அவருக்குச் சரியான தூக்கம் இல்லை. போனில் மேனேஜரின் பெயர் வந்தாலே வயிற்றைப் பிசைகிறது. படித்த மெயிலையே மூன்றாம் முறை படிக்கிறார், மண்டையில் ஏறவில்லை. இதையெல்லாம் எழுதினால் "இதுக்கெல்லாமா லீவு?" என்று கேட்பார்கள், காய்ச்சல் என்றால் கேள்வி இல்லை. லெட்டரை வாங்கி வைக்கும் ஹெச்.ஆர். ஊழியருக்கும் விஷயம் தெரியும். அவரும் அதே காய்ச்சலில்தான் லீவ் போடுகிறார்.

பிரிட்டனில் இந்தக் காரணத்தை ஓரளவு வெளிப்படையாகவே சொல்ல முடிகிறது. அங்கே பணியிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஹெச்.எஸ்.இ. என்ற அரசு அமைப்பு ஆண்டுதோறும் கணக்கு வெளியிடுகிறது. 2023-24இல் வேலையால் வந்த மன அழுத்தம், பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றால் அவதிப்பட்டவர்கள் 7,76,000 பேர். அதனால் போன வேலைநாட்கள் 1 கோடியே 64 லட்சம். சிக் லீவையே ஆராய்ச்சிப் பொருளாக்கி ஆழமாகத் தோண்டிய நாடுகளில் அதுவும் ஒன்று.

நமக்குக் கோட்டை எப்படியோ, லண்டன்காரர்களுக்கு ஒயிட்ஹால் அப்படி: அரசு அலுவலகங்கள் குவிந்திருக்கும் இடம். 1985இல் மைக்கேல் மார்மட் என்ற மருத்துவ ஆய்வாளர் அங்கே 'ஒயிட்ஹால் 2' ஆய்வைத் தொடங்கினார். 20 துறைகளைச் சேர்ந்த, 35 முதல் 55 வயது வரையிலான 10,308 ஊழியர்கள் அதில் சேர்ந்தார்கள். பெரும்பாலும் மேசை வேலை. வைத்தியத்துக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் இவர்களுடைய ரத்தத்தையும் இதயத்தையும் பரிசோதித்ததோடு நிற்காமல், அலுவலகத்தின் லீவ் பதிவேட்டையும் கேட்டு வாங்கினார்கள். ஏழு நாள் வரை ஊழியரே எழுதிக் கொடுத்து எடுக்கும் லீவ் ஒரு கணக்கு. அதற்கு மேல் டாக்டர் சான்றோடு எடுப்பது தனிக் கணக்கு.

1993இல் வெளியான முடிவு இது: ஆண்களில் கடைநிலை ஊழியர்கள் உயரதிகாரிகளைவிட ஆறு மடங்கு அதிகமாக சிக் லீவ் எடுத்திருந்தார்கள். "கீழே இருக்கிறவன் ஓபி அடிக்கிறான்" என்று ஒரே வரியில் முடித்துவிட அதிகாரிகளுக்கு ஆசை இருந்திருக்கும். ஆனால் டாக்டர் சான்று கொடுத்த நீண்ட லீவிலும் அதே வேறுபாடு இருந்தது. அப்படி நீண்ட லீவ் அடிக்கடி எடுத்தவர்களிடையே பிற்காலத்தில் மரணங்களும் அதிகம். லீவ் பதிவேடு உண்மையான நோயைத்தான் பதிவு செய்துகொண்டிருந்தது.

கீழே இருப்பவருக்கு ஏன் நோய் அதிகம்? ராபர்ட் கராசெக் என்ற சமூகவியலாளர் 1979லேயே ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். வேலை அதிகம் என்பதால் மட்டும் மனிதர் நொறுங்குவதில்லை. எதை முதலில் செய்வது, எப்போது எழுந்து டீ குடிக்கப் போவது என்பதைக்கூடத் தானே முடிவுசெய்ய முடியாத இடத்தில் வேலையும் குவிந்தால்தான் ஆபத்து. ஒயிட்ஹாலில் அது மாரடைப்புக் கணக்கு வரை பொருந்தி வந்தது: தன் வேலை தன் பிடியில் இல்லாதவர்களுக்கே இதய நோய் அதிகம் வந்தது. துறையையே நடத்தும் செயலாளரைவிட, அவருக்குக் கடிதம் தட்டச்சு செய்தவருக்கு அழுத்தம் கூடுதல் என்பதை ஏற்றுக்கொள்ள இன்றும் பலருக்கு மனம் வருவதில்லை.

இந்த அழுத்தத்தை உடம்பில் பார்க்க முடியுமா? இதே குழுவில் ஒரு பிரிவினரிடம் சிறு பஞ்சுத் துண்டுகளைக் கொடுத்தார்கள். காலையில் கண் விழித்ததும் ஒன்றை வாயில் வைத்து எச்சிலில் நனைக்க வேண்டும். அரை மணி நேரம் கழித்து இன்னொன்று. எச்சிலில் கார்டிசால் என்ற ஹார்மோன் எவ்வளவு என்று பார்ப்பதற்காக. மூளையிலுள்ள ஹைபோதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, அங்கிருந்து ரத்தத்தில் கலப்பது கார்டிசால். விழித்த முதல் அரை மணியில் அது உயர்வது பெரும்பாலானவர்களுக்கு இயல்பு. 2004இல் வெளியான முடிவின்படி, அந்த உயர்வு வார விடுமுறையைவிட வேலைநாளில் அதிகம். பல் துலக்கும் முன்பே உடம்பு ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறது!

அதற்காக லேபில் போய்க் கார்டிசால் டெஸ்ட் எடுக்க வேண்டாம். அட்ரினல், பிட்யூட்டரி சுரப்பிகளின் கோளாறைக் கண்டுபிடிக்க உதவும் பரிசோதனை அது. வேலை அழுத்தத்தில் தவிப்பவருக்குப் பெரும்பாலும் எல்லாமே 'நார்மல்' என்றுதான் ரிப்போர்ட் வரும். அந்த ஒரு சொல்லே அவரை மேலும் குழப்பும். உலக சுகாதார நிறுவனமும் 2019இல் 'பர்ன் அவுட்' என்பதை வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று சொல்லவில்லை.

சரி, லீவே எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டால்? ஒயிட்ஹாலின் பதிவேட்டில் அதற்கும் பதில் இருக்கிறது. மிக்கா கிவிமாகி குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே உடல்நிலை சரியில்லாத ஆண்களை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். மூன்று ஆண்டுகளில் ஒரு நாள்கூட சிக் லீவ் எடுக்காதவர்களுக்கு, அளவாக எடுத்தவர்களைவிடக் கடுமையான இதயப் பாதிப்பு இரு மடங்கு அதிகம். லீவ் எடுக்காததுதான் காரணம் என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் 'ஒரு நாள்கூட லீவ் போடாத ஊழியர்' என்று மேடையில் கேடயம் கொடுக்கும் வழக்கத்தை மறுபடி யோசிக்க இது போதும்.

லீவ் எடுத்துவிட்டால் மட்டும் தீருமா என்றால், அதுவும் இல்லை. இஸ்ரேலில் மினா வெஸ்ட்மன், டோவ் ஈடன் இருவரும் 76 அலுவலக ஊழியர்களை விடுமுறைக்கு முன்பும், விடுமுறையிலும், திரும்பிய பிறகும் அளந்து 1997இல் எழுதினார்கள். விடுமுறையில் சோர்வு நன்றாகக் குறைந்தது. திரும்பிய மூன்றே நாளில் கொஞ்சம் ஏறியது. மூன்று வாரத்தில் பழைய அளவுக்கே வந்துவிட்டது. ஊழியர் ஓய்வெடுத்துவிட்டு வந்தார். அவருடைய வேலை அப்படியே உட்கார்ந்திருந்தது. மெடிக்கல் லீவ் முடிந்து போனால் இன்னும் மோசம், நாம் இல்லாத நாட்களின் வேலையும் சேர்ந்து மேசையில் காத்திருக்கும்.

திரும்பி வருபவருக்காக வேலையையும் மாற்ற இடம் தரும் வகையில் பிரிட்டன் 2010இல் மருத்துவச் சான்றின் வடிவத்தையே மாற்றியது. அதுவரை இருந்த 'சிக் நோட்' போய் 'ஃபிட் நோட்' வந்தது. வேலைக்குத் தகுதி இல்லை என்ற கட்டத்துக்குக் கீழே, இன்னின்ன மாற்றம் செய்தால் தகுதி உண்டு என்ற கட்டமும் அதில் உண்டு. படிப்படியாகத் திரும்புவது, வேலை நேரத்தை மாற்றுவது, வேலையின் தன்மையை மாற்றுவது, பணியிடத்தைத் திருத்துவது என்று நான்கு வழிகளில் எது வேண்டுமோ அதை டாக்டர் டிக் செய்வார். முதலாளி அதை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் பேச்சு 'வருவாரா, வரமாட்டாரா' என்பதிலிருந்து 'எப்படி வரலாம்' என்பதற்கு மாறுகிறது.

நம் ஊரில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கி இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு, நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். சந்தா நாட்கள் போதுமான அளவு இருக்க வேண்டும், இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றும் வேண்டும். அதற்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள் கம்பெனி தரும் லீவையே நம்ப வேண்டும். எந்த வழியில் போனாலும் திரும்பி வரும் நாளில் நீட்டுவது ஒரு ஃபிட்னெஸ் சர்டிபிகேட். 'தகுதி' என்ற ஒரே சொல், முதல் நாளிலிருந்தே முழு வேலை.

கால் முறிந்து வந்தவருக்கு 'லைட் டியூட்டி' என்று நம் டாக்டர்கள் எழுதித் தருவது வழக்கம்தான். தூக்கம் கெட்டு வந்தவரும் அதைக் கேட்கலாம். ஒரு மாதத்துக்கு நைட் ஷிப்ட் வேண்டாம், முதல் வாரம் அரை நாள் போதும் என்று இரண்டு வரி. இரவு பத்து மணிக்கு ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் பதில் கேட்கக் கூடாது என்று எந்த டாக்டரும் சர்டிபிகேட்டில் எழுத மாட்டார். அதை மேனேஜரிடம் நேரில்தான் பேச வேண்டும், முடிந்தால் லீவ் முடிவதற்கு முன்பே.