பால் திரிந்த வீடு

அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் கிணறும் கொல்லையுமாக இருந்த தனி வீடுகள் பல, அடுக்குமாடிக் குடியிருப்புகளாகிவிட்டன. வங்கிக் கடன் வாங்கி, பால் காய்ச்சிக் குடியேறிய குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. விக்ரம் குமார் இயக்கி 2009 மார்ச்சில் வெளிவந்த ‘யாவரும் நலம்’ அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றின் கதை. மாதவன் தன் வீட்டாருடன் 13பி என்ற புது வீட்டுக்கு வருகிறார். பேய் எதிரே வந்து நிற்பதில்லை. ஆனால் பால் திரிந்துபோகிறது. சாமி படம் மாட்டச் சுவரில் துளையிட முடியவில்லை. மற்றவர்கள் ஏறினால் ஓடும் லிஃப்ட், மாதவன் தனியாக ஏறினால் நகர்வதில்லை. பார்வையற்ற பக்கத்து வீட்டுக்காரரின் நாய் வாசல்படியைத் தாண்ட மறுக்கிறது. பகல் ஒரு மணிக்குப் பெண்கள் உட்கார்ந்து பார்க்கும் டிவி தொடரில், இந்த வீட்டில் நடப்பவையே நடக்கத் தொடங்குகின்றன. இவற்றில் எதையும் தனியாக எடுத்துச் சொன்னால் யாரும் பயப்பட மாட்டார்கள். புது வீட்டில் பால் பொங்குவதை நல்ல சகுனமாக எண்ணி வளர்ந்தவர்களுக்கு மட்டும், அது திரிந்துபோவதைப் பார்க்கும்போது மனம் ஒரு கணம் துணுக்குறும். அந்தத் துணுக்குறலை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டே போவதுதான் படத்தின் பலம்.

மெதுவான பேய்க்கதை ஏன் மெதுவாக இருக்கிறது என்பதற்கு விடையும் இதில்தான் இருக்கிறது. பழகிய ஒழுங்கு குலைவதுதான் அதன் பயம். குலைவது தெரிய வேண்டுமானால், அந்த வீட்டில் யார் எப்போது எழுவார்கள், பால் எங்கே வைப்பார்கள் என்பது முதலில் நமக்குப் பழகியிருக்க வேண்டும். பழகுவதற்கு நேரம் பிடிக்கும். திடீரென்று எழும் பெருஞ்சத்தத்துக்கு இந்த ஆயத்தம் எதுவும் தேவையில்லை. சத்தம் கேட்டால் உடம்பு தானாகத் தூக்கிவாரிப் போடும், அடுத்த நொடி அடங்கிவிடும். வரப்போவது என்னவென்று தெரியாத தவிப்பு அப்படி அடங்குவதில்லை. ராபர்ட் வைஸ் 1963இல் எடுத்த ‘தி ஹான்டிங்’ படத்தில் பேயைக் காட்டுவதே இல்லை. மூடிய கதவு ஒன்று உள்நோக்கிப் புடைக்கிறது, அவ்வளவுதான். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பதைப் பார்ப்பவரே கற்பனை செய்துகொள்கிறார். தன் மனத்துக்கு எது அச்சமோ அதையே அங்கே நிறுத்துகிறார். எந்த ஒப்பனைக் கலைஞராலும் அத்தனை பேருக்கும் அத்தனை முகங்கள் செய்துதர முடியாது.

‘யாவரும் நலம்’ வந்த அதே 2009இல் வெளியான அறிவழகனின் ‘ஈரம்’ இந்தத் தவிப்பைத் தண்ணீரைக் கொண்டு உண்டாக்கியது. குளியலறையில் மூழ்கி இறந்த பெண், நீர் வழியாகத் திரும்பி வருகிறாள். அவளைப் பற்றி அக்கம்பக்கத்தார் பேசிய பழிச்சொல்லும் அவள் சாவுக்குக் காரணம் என்பது மெல்ல மெல்லத்தான் வெளிப்படுகிறது. குடியிருப்பில் வாழும் எவருக்கும் அந்தப் பேச்சு எப்படிப் பிறக்கிறது, எந்த வேகத்தில் மாடிக்கு மாடி ஏறுகிறது என்று தெரியும். படத்தில் பேயைவிட நம்மைச் சுடுவது அதுதான்.

நம் மக்களுக்கு இதெல்லாம் பிடிக்காது, ‘காஞ்சனா’வும் ‘அரண்மனை’யும் பாகம் பாகமாக ஓடுவதே சாட்சி என்று சொல்பவர்கள் உண்டு. அவை ஓடுவது உண்மை. குழந்தைகளோடு போய்ச் சிரித்துவிட்டு வர அவை எடுக்கப்பட்டன, அந்த வேலையைச் செய்கின்றன. ஆனால் பாட்டும் நகைச்சுவையும் இல்லாவிட்டால் கூட்டம் வராது என்பதற்கு அவை சாட்சி ஆகா. கார்த்திக் சுப்பராஜ் தன் முதல் படமான ‘பீட்சா’வில் (2012) விஜய் சேதுபதியை ஒரு டார்ச் வெளிச்சத்தோடு பங்களாவுக்குள் நீண்ட நேரம் தனியே விட்டார். தமிழ் ரசிகர்கள் அதை வெற்றிப் படமாக்கினார்கள். மெதுவான பேய்க்கதை வெளிநாட்டு இறக்குமதி என்பதும் சரியல்ல. 1963இலேயே ஸ்ரீதர் ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் பாழடைந்த ஜமீன் பங்களாவையும் முன்ஜென்ம நினைவையும் வைத்துக் கதை சொன்னார். அதை ஒளிப்பதிவு செய்த வின்சென்ட், மறு ஆண்டே மலையாளத்தில் ‘பார்கவி நிலையம்’ என்ற பேய்ப் படத்தை இயக்கினார்.

இன்னொரு குறை கொஞ்சம் நியாயமானது. மெதுவாகப் போவதே ஆழம் என்று நினைத்து, ஒன்றும் நடக்காத காட்சிகளை நீட்டும் படங்கள் இருக்கின்றன. அவற்றுக்காக வாதாட முடியாது. ‘யாவரும் நலம்’ ஒவ்வொரு மெதுவான காட்சியிலும் ஒரு தகவலைத் தருகிறது. பின்பாதியில் துப்பறியும் கதையாக வேகமெடுக்கும்போது, முன்பாதியில் சேர்த்து வைத்ததைத்தான் செலவழிக்கிறது. மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இன்னும் ஒரு படி மேலே போய், பயத்தோடு தொடங்கி இரக்கத்தில் கொண்டுபோய் விடுகிறது. நாயகனின் வீட்டில் குடியேறும் அந்தப் பெண் யாரையும் பழிவாங்க வரவில்லை என்று புரியும் இடத்துக்கு நம்மை அழைத்துச் செல்ல, மிஷ்கின் அவசரப்படவில்லை.

பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்தில் பெரிய படப்பிடிப்புத் தளம் இருக்கிறது. அங்கே அரண்மனையே போடலாம். மெதுவான பேய்க்கதைக்கு அதெல்லாம் வேண்டாம். அம்பத்தூரில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று போதும். அடுத்த பேய்ப் படத்துக்குக் கதை எழுதும் இளைஞர்கள் அந்த வீட்டிலிருந்து தொடங்கட்டும். முதல் அரை மணி நேரம் அங்கே வாழ்பவர்களை எங்களுக்குப் பழக்குங்கள்; சத்தத்தைக் கூட்டாமல் எங்கள் பொறுமையை நம்புங்கள்.