மின்சாரம் நின்றால் மீன் தொட்டி என்ன ஆகும்?

நடுநிசி. வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். கூடத்தில் கண்ணாடித் தொட்டிக்குள் தங்கமீன்கள் நீந்துகின்றன. திடீரென்று மின்சாரம் நின்றுவிடுகிறது. மோட்டார் ஓசை அடங்குகிறது. காலையில் எழுந்து பார்த்தால் கூடம் முழுவதும் தண்ணீர்!

தொட்டி உடைந்ததா? இல்லை. குழாய் வெடித்ததா? அதுவும் இல்லை. குழாய் போட்ட நாளில் ஒரு சிறு கணக்கைப் பார்க்காமல் விட்டதுதான் காரணம்.

கோவில்பட்டிக்காரர்களுக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. தாமிரபரணிக் கரையில் உள்ள சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக ஊருக்குக் குடிநீர் வருகிறது. அப்படி வந்த தண்ணீர் தரையில் ஓடலாமா?

மேல் கண்மாய், கீழ்க் கண்மாய்

வீட்டில் மீன் வளர்ப்பது இன்று பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு. சென்னை கொளத்தூர் வண்ணமீன் வியாபாரத்துக்கே பெயர் பெற்ற இடம். பெரிய தொட்டி வைப்பவர்கள் அதன் அடியில் இன்னொரு தொட்டியும் வைக்கிறார்கள். இதைச் ‘சம்ப்’ என்பார்கள். மேலே நிரம்பி வழியும் தண்ணீர் ஒரு குழாயில் கீழே இறங்கும். பஞ்சு, கல் வழியாகச் சென்று அழுக்கு நீங்கும். பிறகு மோட்டார் அதை மேலே ஏற்றும்.

கரிசல் சீமையில் மேல் கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் போகும் அல்லவா? அதே ஏற்பாடுதான் இது. ஒரே வித்தியாசம், இங்கே இறங்கிய தண்ணீர் மறுபடியும் மேலே ஏறுகிறது.

18 லிட்டர் எங்கே போகும்?

மேல் தொட்டி 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் என்றால் 5.4 லிட்டர். ஏற்றும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே இருக்கிறது. மின்சாரம் நின்றதும் அந்தக் குழாயே தண்ணீரைக் கீழே இழுக்கத் தொடங்கும். மண்ணெண்ணெய் டின்னில் ரப்பர் குழாயை வைத்து ஒருமுறை உறிஞ்சிவிட்டால் எண்ணெய் தானாக இறங்குவது போலத்தான்! குழாயின் வாய் காற்றில் தெரியும் வரை 54 லிட்டர் இறங்கிவிடும்.

கீழ்த் தொட்டி 90 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். அதில் 30 செ.மீ. வரை தண்ணீர் இருந்தால், மிச்சம் உள்ள இடம் 36 லிட்டருக்குத்தான். பாக்கி 18 லிட்டர் தரைக்கு வரும்.

குழாயின் வாயை நீர்மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே வைத்தால் சுமார் 11 லிட்டர்தான் இறங்கும். நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் சிறு துளையும் போடலாம். காற்று நுழைந்ததும் இழுப்பு நின்றுவிடும். ஆனால் துளையைப் பாசி அடைக்கும். வாரந்தோறும் துடைக்க வேண்டும். ஒருவழி வால்வை மட்டும் நம்பக் கூடாது. ஒரு நத்தை சிக்கினால் அது மூடாது. ஆகவே, கீழ்த் தொட்டியில் காலி இடம் விடுவதே உறுதியான காவல்.

பெட்டியில் ஒன்று, குழாயில் ஒன்று

மோட்டார் பெட்டியில் ‘மணிக்கு 3000 லிட்டர்’ என்று இருக்கும். அது தண்ணீரை உயர ஏற்றாதபோது கிடைக்கும் அளவு. உயரம் கூடக் கூட வரத்து குறையும். 3 மீட்டர் வரைதான் ஏற்றும் என்ற மோட்டார், 1.5 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய பாதி அளவே தரும். வளைவுகளும் ஒடுக்கமான குழாயும் அதையும் குறைக்கும்.

உண்மை அளவை அறிய ஒரு வாளி போதும். 10 லிட்டர் வாளி 30 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 1200 லிட்டர். 240 லிட்டர் தொட்டியில் மணிக்கு ஐந்து தடவை தண்ணீர் சுற்றும். நன்னீர் மீன்களுக்கு இது போதும். அதிகமாக வந்தால் ஏற்றும் குழாயில் உள்ள வால்வைச் சிறிது மூடலாம்.

இறங்கும் குழாய் எப்போதும் பெரிதாக இருக்க வேண்டும். ஏற்றுவது 1 அங்குலம் என்றால் இறங்குவது 1½ அங்குலம். அதற்குச் சற்று மேலே, வால்வு இல்லாத இன்னொரு குழாயும் அவசியம். முதல் குழாயை இலையோ பாசியோ அடைத்தால் இது காப்பாற்றும். மறுகால் அடைபட்டால் கண்மாய்க் கரை என்ன ஆகும் என்பது தெரியாதா?

இரண்டு சோதனைகள்

பி.வி.சி. குழாயை ஒட்டிய பிறகு ஒரு நாள் காய விடுங்கள். மீன் விடுவதற்கு முன் இரண்டு சோதனை செய்யுங்கள்.

முதலாவது: மோட்டார் ஓடும்போது சுவிட்சை அணையுங்கள். இறங்கும் தண்ணீர் முழுவதையும் கீழ்த் தொட்டி தாங்குகிறதா என்று பாருங்கள். தாங்கினால், மோட்டார் ஓடும்போது உள்ள மட்டத்தில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு மேல் ஒருநாளும் நிரப்பக் கூடாது.

இரண்டாவது: மோட்டார் ஓடும்போது பெரிய குழாயைத் துணியால் அடையுங்கள். மற்றக் குழாய் எல்லாத் தண்ணீரையும் இறக்க வேண்டும். இறக்காவிட்டால் மோட்டார் வேகம் அதிகம் என்று பொருள்.

கரிசல் மண்ணில் கவனம்

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். தரையும் அசையும். 240 லிட்டர் தண்ணீரின் எடை மட்டுமே 240 கிலோ. ஆகவே ரசமட்டம் வைத்துத் தொட்டி சமமாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும்.

கோடையில் தண்ணீர் ஆவியாவது கீழ்த் தொட்டியில்தான் தெரியும். கவனிக்காவிட்டால் மோட்டார் தண்ணீரின்றி ஓடிக் கெடும். உப்புத் தண்ணீரை ஊற்றி ஈடுகட்டாதீர்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து ஊற்றுங்கள்.

தொட்டியில் கை வைக்குமுன் மின்சாரத்தை அணைப்பது மிக முக்கியம். எர்த் இணைப்பும், கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும் வேண்டும். மின்சாரம் நெடுநேரம் வராவிட்டால் மீனுக்கு மூச்சு முட்டும். பாட்டரியில் ஓடும் சிறு காற்றுப் பம்பு ஒன்று கையிருப்பில் இருக்கட்டும்.

மோட்டார் ஓடும்போது எல்லாத் தொட்டியும் நன்றாகத்தான் இருக்கும். அது நிற்கும்போது என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்த்தவர்தான், நடுநிசியில் மின்சாரம் போனாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.