உழைத்துக் களைத்த நுரையீரலுக்கு ஓர் ஓய்வு

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டை அடைவோர், குளிர்ந்த காற்றை நெஞ்சார இழுத்து மகிழ்வர். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள அவ்வூரில் காற்றழுத்தம், சென்னைக் கடற்கரையில் உள்ளதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவாகும். காற்றில் பிராணவாயுவின் விகிதம் மலையிலும் 21 விழுக்காடுதான். ஆயினும் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிட்டும் பிராணவாயுவின் அளவு குறைகிறது. இருந்தும் நாம் மூச்சுத் திணறுவதில்லை. காரணம், நலமான நுரையீரலிடம் தாராளமான கையிருப்பு உண்டு. சற்றே கூடுதலாக மூச்சிழுத்து அது குறையை ஈடுசெய்துவிடுகிறது.

அந்தக் கையிருப்பு முழுவதும் நோயினால் கரைந்துபோனால் என்ன ஆகும்? தூய பிராணவாயுவைக் கருவியால் செலுத்தினாலும் இரத்தத்தில் ஏறாத நிலை வந்தால் மருத்துவர் என்ன செய்வார்? இவ்வினாவுக்கு இன்றைய மருத்துவம் தரும் விடைகளுள் ஒன்றே 'எக்மோ' எனும் இதய, நுரையீரல் உயிர்காப்புக் கருவி.

நாடறிந்த இரு நிகழ்வுகள்

2016 டிசம்பர் 4 அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவுக்குத் திடீரென இதயத் துடிப்பு நின்று இக்கருவி பொருத்தப்பட்டபோதுதான் தமிழ் மக்களுள் பெரும்பாலோர் அதன் பெயரையே கேட்டனர். மறுநாள் இரவு அவர் காலமானார். பின்னர் 2020 ஆகஸ்டில், பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியம் கொரோனா தொற்றுக்காகச் சென்னை மருத்துவமனையில் சேர்ந்து, வெண்டிலேட்டர், எக்மோ ஆகிய இரண்டின் துணையோடும் பல வாரங்கள் போராடினார். தொற்று நீங்கிய பின்னரும் நுரையீரல் மீளவில்லை. செப்டம்பர் 25 அன்று அவர் மறைந்தார்.

அந்நாட்களில் பலரது உள்ளத்திலும் ஒரு வினா எழுந்தது. "எக்மோ இரத்தத்துக்குப் பிராணவாயுவைக் கொடுக்கிறதென்றால், வெண்டிலேட்டர் எதற்கு? அதையும் ஏன் குறைத்து வைக்கிறார்கள்? கைவிட்டுவிட்டார்களா?" தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் கண்ணீரோடு நிற்கும் குடும்பத்தார் இன்றும் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை தெரிந்துகொள்வது அவர்களுடைய கலக்கத்தைப் பெரிதும் தணிக்கும்.

இரத்தம் செல்லும் பாதை

இதயத்தின் வலப்புறத்திலிருந்து புறப்படும் இரத்தம் நுரையீரல் வழியே சென்று, காற்றோடு கலந்து, இடப்புறத்தை அடைகிறது என்னும் உண்மையை 13ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்தவர், டமாஸ்கஸ் பகுதியில் பிறந்து கெய்ரோவில் மருத்துவராக விளங்கிய இப்னு அந்நஃபீஸ் ஆவார். எக்மோ செய்வது அப்பாதைக்கு ஒரு மாற்று வழி அமைப்பதேயாகும். தொடை அல்லது கழுத்திலுள்ள பெரிய சிரையிலிருந்து குழாய் வழியே இரத்தம் வெளியே எடுக்கப்படுகிறது. ஒரு பம்பு அதனைச் செயற்கைச் சவ்வின் ஊடே செலுத்துகிறது. அங்கே கரியமில வாயு நீங்கிப் பிராணவாயு சேர்கிறது. நுரையீரல் மட்டும் பழுதுற்றிருந்தால் அவ்விரத்தம் மீண்டும் சிரைக்கே திரும்பும். இதயமும் தளர்ந்திருந்தால் தமனிக்குள் செலுத்தப்படும்.

காப்பாற்றும் கருவியே காயப்படுத்துமா?

வெண்டிலேட்டர் எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி. எனினும் அதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. நோயுற்ற நுரையீரலில் காற்று நுழையக்கூடிய பகுதி மிகச் சிறிதாகச் சுருங்கியிருக்கும். முழு நுரையீரலுக்கான காற்றை அச்சிறு பகுதிக்குள் அழுத்தி ஏற்றினால், மெல்லிய காற்றுச் சிற்றறைகள் விரிந்து கிழிந்து புண்ணாகின்றன.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு இதை ஐயமற நிறுவியது. உயரத்தைக் கொண்டு கணித்த உடல் எடையில் கிலோவுக்கு 12 மில்லி லிட்டர் வீதம் காற்று பெற்றோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 பேர் இறந்தனர். 6 மில்லி லிட்டர் மட்டுமே பெற்றோரில் இறந்தவர் 31 பேர். குறைத்துக் கொடுத்ததே உயிர் காத்தது!

எக்மோ பொருத்தியபின் இதனினும் குறைக்கலாம். வாயுப் பரிமாற்றத்தின் பெரும்பகுதியை வெளிக்கருவி ஏற்றுக்கொள்வதால், வெண்டிலேட்டரில் மூச்சின் அளவையும் எண்ணிக்கையையும் மருத்துவர் தாழ்த்திவிடுவர். நுரையீரலுக்குள் எழும் அழுத்தம் 25 சென்டிமீட்டர் நீரளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வர். அளவுக்கு மீறிய பிராணவாயுவும் நுரையீரலுக்குத் தீங்கு என்பதால் அதனையும் குறைப்பர். முற்றிலும் நிறுத்திவிடாமல், சிற்றறைகள் ஒட்டி மூடிக்கொள்ளாதபடி ஒரு சிறு அழுத்தத்தை மட்டும் நிலைநிறுத்துவர். முறிந்த காலுக்குக் கட்டுப்போட்டு அசையாமல் வைப்பதற்கு ஒப்பான செயல் இது. இது கைவிடுதல் அன்று; ஓய்வளித்தல். இந்நாட்களில் எக்ஸ்ரே படம் முன்னிலும் வெண்மையாகத் தோன்றக்கூடும். காற்று குறைவாகச் செல்வதும் அதற்கு ஒரு காரணமாதலால், படத்தை மட்டும் கண்டு நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை.

வலக்கையை ஏன் பார்க்கிறார்கள்?

இதயத்துக்கும் சேர்த்துக் கருவி பொருத்தும்போது இரு சிக்கல்கள் நேரலாம். தொடைத் தமனி வழியே இரத்தம் மேல்நோக்கிச் செலுத்தப்படுவதால், தளர்ந்த இதயம் அவ்வெதிர் அழுத்தத்தை மீறித் தன் இரத்தத்தை வெளியேற்ற இயலாமல் வீங்குகிறது. தேங்கிய இரத்தத்தின் அழுத்தத்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது. அந்நிலையில் இதயத்தின் இடப்புறத்துச் சுமையை இறக்க வேறு வழிகளை மருத்துவர் நாடுவர்.

மற்றொன்று நுட்பமானது. இதயம் தேறி, நுரையீரல் தேறாதிருந்தால், பிராணவாயு குறைந்த இரத்தமே மூளைக்கும் இதயத்தின் நாளங்களுக்கும் செல்லும். கருவியின் நல்ல இரத்தம் உடலின் கீழ்ப்பகுதியை மட்டுமே அடையும். கால் சிவந்திருக்க, மூளை வாடும்! இதயத்திலிருந்து முதலில் கிளைக்கும் பெருந்தமனியே வலக்கைக்கும் செல்வதால், அங்கு இரத்தம் எடுத்துச் சோதித்தால் மூளைக்குச் செல்லும் இரத்தத்தின் தரம் தெரியவரும். செவிலியர் வலக்கையையே மீண்டும் மீண்டும் நாடுவதன் காரணம் இதுவே.

இவையன்றி, இரத்தம் குழாயில் உறையாதிருக்கத் தரும் ஹெப்பாரின் மருந்தால் நுரையீரலிலோ மூளையிலோ இரத்தம் கசியலாம். நெடுநாள் குழாய்களால் கிருமித் தொற்று வரலாம். நுரையீரல் கிழிந்து நெஞ்சறையில் காற்று நிறையலாம். சளியை உறிஞ்சி எடுத்தல், தக்கவரைக் குப்புறப் படுக்கவைத்தல், விழித்திருக்கும் நோயாளிக்கு உடற்பயிற்சி அளித்தல் என இரவும் பகலும் நீளும் பராமரிப்பே இச்சிகிச்சையின் உயிர்நாடி.

கருவி தருவது காலம்

எக்மோ நோயைக் குணமாக்குவதில்லை. நுரையீரல் தானே ஆறுவதற்குக் காலத்தை மட்டுமே அது பெற்றுத் தருகிறது. 2018இல் வெளியான, 249 பேரிடம் நடத்திய ஆய்வில், எக்மோ பெற்றோரில் 60 நாட்களுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 35 பேர். வழக்கமான சிகிச்சை பெற்றோரில் 46 பேர். இவ்வேறுபாடு நம்பிக்கையூட்டினாலும், புள்ளியியல் கணக்கில் அது அறுதியான சான்றாக அமையவில்லை. ஆகவே யாருக்கு, எப்போது என்பதே முதன்மையான வினா. உயர் அழுத்த வெண்டிலேட்டரில் ஒரு வாரத்துக்கு மேல் கழிந்தபின் எக்மோவைத் தொடங்கினால் பலன் குறைகிறது.

சேர்வராயன் மலைக் கிராமங்களில் வாழ்வோர்க்கு இது மேலும் பொருந்தும். பெருநகர மருத்துவமனைகளிலேயே இத்தகைய வசதி மிகுதி. மலையிறங்கிச் சேலம் சேரவே நேரம் செல்லும். விரலில் மாட்டும் கருவி மலையில் ஓரிரு புள்ளி குறைத்துக் காட்டுவது இயல்பே. ஆனால் எண் தொடர்ந்து இறங்கினாலோ, பேசும்போதே மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழைப்பதே அறிவுடைமை. நாட்பட்ட நுரையீரல் நோயுள்ளோர் ஏற்காட்டுக்கு உல்லாசப் பயணம் புறப்படுமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்பதும் நலம்.

வாசக சகோதர சகோதரிகளே! நம் வீட்டில் ஒருவருக்கு இந்நிலை நேர்ந்தால், "பிழைப்பாரா?" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிட வேண்டாம். இன்னும் நான்கு கேளுங்கள்: கருவி நுரையீரலுக்கு மட்டுமா, இதயத்துக்கும் சேர்த்தா? வெண்டிலேட்டர் ஓய்வு நிலையில் உள்ளதா? நுரையீரல் ஆறும் அறிகுறி எது? ஆறாவிட்டால் அடுத்த வழி யாது? கடைசிக் கேள்வியைச் சிகிச்சையின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். செலவையும், நோயாளியின் விருப்பத்தையும், நம் முடிவையும் பதற்றமின்றி எண்ணிப் பார்க்க அதுவே துணைபுரியும்.