சுவர் உடைந்த இலை

பிறை சாய் லெங் பார்க் சந்தைக்குக் காலையிலேயே போய்விட்டால், கீரைக் கட்டுகளின் மேல் தெளித்த தண்ணீர் காயாமல் இருக்கும். தண்டுக்கீரை, முருங்கை, காங்கோங், மலாயில் சாவி எனப்படும் கடுகுக்கீரை, வல்லாரை, செக்கூர் மானிஸ், மரவள்ளிக் கொழுந்து. தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. முன்பெல்லாம் இந்தக் கட்டுகள் நேரே சட்டிக்குப் போகும். இப்போது பல வீடுகளில் பிளெண்டருக்குப் போகின்றன. ஒரு கைப்பிடிக் கீரை, ஒரு வாழைப்பழம், கொஞ்சம் தண்ணீர், ஒரு நிமிட இரைச்சல். பச்சை ஸ்மூத்தி தயார்.

நல்ல பழக்கம்தான். 2019-இல் நாடு முழுவதும் எடுக்கப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, மலேசியப் பெரியவர்களில் நூற்றுக்கு 95 பேர் போதிய அளவு காய்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை. அதே ஆய்வு, ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகவும் சொன்னது. இந்த நிலையில் ஒருவர் வாய்க்குள் கீரை எந்த வழியில் போனாலும் வரவேற்க வேண்டியதே. ஆனால் சட்டி செய்யும் வேலை வேறு, பிளெண்டர் செய்யும் வேலை வேறு. அந்த ஒரு நிமிடத்தில் இலைக்குள் நடப்பதை அறிந்துகொண்டால், எந்தக் கீரையை எப்படிக் குடிக்கலாம், எதைக் குடிக்கவே கூடாது என்பது தானாகத் தெளிவாகிவிடும்.

ஆயிரம் அறைகள் உள்ள வீடு

இலை என்பது சிறு சிறு அறைகளால் கட்டிய வீடு. ஒவ்வோர் அறையும் ஓர் உயிரணு. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் இருபது முப்பது அறைகள் வரிசையாக அடங்கிவிடும். ஒவ்வொன்றையும் சுற்றி செல்லுலோஸ் என்னும் நாரால் ஆன சுவர். அந்த நாரைச் செரிக்கும் நொதி நம் வயிற்றில் இல்லை. மாடு அசைபோட்டு, தன் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு அந்தச் சுவரை உடைக்கிறது. நாம் பல்லால் உடைப்பது கொஞ்சம், அடுப்பில் வேகவைத்துத் தளர்த்துவது கொஞ்சம். உடையாத அறைகளுக்குள் இருக்கும் சத்து அப்படியே வெளியேறிவிடும்.

ஓர் அறைக்குள்ளும் தடுப்புகள் உண்டு. பச்சையம் பசுங்கணிகம் என்னும் சின்னஞ்சிறு பைகளில் இருக்கிறது. அறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருப்பது நுண்குமிழ் என்னும் தண்ணீர்ப் பை. புளிப்பு அமிலங்களும் செடி தன் காவலுக்காகச் சேர்த்து வைக்கும் பொருள்களும் அதில்தான் கிடக்கின்றன. நொதிகள் இன்னொரு மூலையில். ஒன்றோடொன்று சேரக்கூடாதவற்றைத் தனித்தனியே பூட்டி வைத்திருக்கிறது இலை.

பிளெண்டரின் கத்தி இந்தப் பூட்டுகள் எல்லாவற்றையும் ஒரே நிமிடத்தில் உடைத்துவிடுகிறது. பச்சை ஸ்மூத்தியின் நன்மையும் ஆபத்தும் இந்த ஒரு செயலிலிருந்தே பிறக்கின்றன.

பச்சை ஏன் மங்குகிறது?

இதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். ஒரு கைப்பிடி வல்லாரையைத் தண்ணீர் விட்டு அரைத்து, இரண்டு கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் லீமாவ் கஸ்தூரி என்னும் சிறு எலுமிச்சை இரண்டைப் பிழியுங்கள். சும்மா விட்ட குவளை வெகுநேரம் பச்சையாகவே இருக்கும். எலுமிச்சை விழுந்த குவளை மெல்ல மெல்ல ஆலிவ் நிறத்துக்கு, அதாவது காய்ந்த இலையின் பழுப்புப் பச்சைக்கு இறங்கும். வெந்நீர் சேர்த்தால் மாற்றம் இன்னும் வேகமாக நடக்கும்.

காரணம் ஓர் அணு. பச்சைய மூலக்கூறு ஒரு வளையம். அதன் நடுவில் ஒரே ஒரு மெக்னீசியம் அணு அமர்ந்திருக்கிறது. பளிச்சென்ற அந்தப் பச்சைக்கு இந்த அணு வேண்டும். அமிலம் வந்து சேரும்போது மெக்னீசியம் வெளியேறி அந்த இடத்தில் ஹைட்ரஜன் உட்கார்ந்துகொள்கிறது. நிறம் பழுப்பேறிவிடுகிறது. கீரையை மூடிபோட்டு நெடுநேரம் வேகவைத்தால் மங்கிப்போவதும் இதனால்தான். சுவர் உடைந்ததும் நுண்குமிழின் அமிலம் பச்சையத்தைத் தேடி வந்துவிடுகிறது.

பச்சையம் என்ற பொருளைப் பிரித்து 1817-இல் அதற்குப் பெயரிட்டவர்கள் பெல்லத்தியே, கவெந்து என்னும் இரண்டு பிரெஞ்சு மருந்தியலாளர்கள். அதைப் பற்றிய ஆய்வுகளுக்காக ஜெர்மனியின் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டருக்கு 1915-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் குருதிக்குச் சிவப்புத் தரும் ஹீம் என்ற பொருளும் ஏறக்குறைய இதே வளையம்தான், நடுவில் மெக்னீசியத்துக்குப் பதில் இரும்பு என்பது பின்னர் தெரிந்தது. இந்த ஒற்றுமையை வைத்து, பச்சைச் சாறு குடித்தால் அது அப்படியே இரத்தமாகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அது உண்மையில்லை. உடல் பச்சையத்தின் மெக்னீசியத்தை எடுத்துவிட்டு இரும்பைப் பொருத்திக்கொள்வதில்லை.

கீரை இரத்தத்துக்கு உதவுவது வேறு வழியில். 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர், நெசவாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களிடம் காணப்பட்ட கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாற்றில் இருந்த ஏதோ ஒன்று அவர்களைக் குணப்படுத்தியது. 1941-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து அதே பொருளைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். அது தண்ணீரில் கரையும், சூட்டில் சிதையும். கீரையை வேகவைத்து நீரை வடித்துக் கொட்டும்போது அதில் பெரும்பங்கு சாக்கடைக்குப் போகிறது. பச்சையாக அரைத்துக் குடித்தால் குவளையிலேயே தங்குகிறது.

வைட்டமின் ஏ-க்கு மூலமான பீட்டா கரோட்டினும் அறைகளுக்குள் அடைபட்டுத்தான் இருக்கிறது. சுவர் உடைந்தால்தான் வெளியே வரும். வந்தாலும் கொழுப்பு இருந்தால்தான் குடலில் ஏறும். இலங்கையில் வல்லாரைச் சாற்றைப் பச்சரிசிக் கஞ்சியோடும் தேங்காய்ப்பாலோடும் சேர்த்து இலைக்கஞ்சியாகக் காலையில் குடிப்பார்கள். அதில் ஊற்றும் பால், சுவையோடு கரோட்டினுக்கு வாகனமும் ஆகிறது. பிளெண்டர் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பே பச்சைப் பானத்தைச் சரியாகச் செய்யத் தெரிந்த சமையல் அது.

இலையின் ஆயுதங்கள்

செடியால் ஓட முடியாது. தன்னைத் தின்ன வருகிறவர்களை வேதியியலால்தான் தடுக்க வேண்டும். அந்தத் தற்காப்பில் பல, சுவர் உடையும்போது மட்டுமே இயங்கும்படி அமைந்தவை. கடுகுக்கீரையைப் பச்சையாக மென்றால் மூக்கில் ஏறும் காரம் இலையில் முன்பே இருந்ததில்லை. ஓர் அறையில் இருந்த கந்தகச் சேர்மமும் வேறோர் இடத்தில் இருந்த நொதியும் பல் பட்ட நொடியில் சந்தித்து உண்டாக்கியது. நமக்கு அது ருசி, புழுவுக்கு விஷம்.

மரவள்ளிக் கொழுந்தில் நடக்கும் சந்திப்பு நமக்கும் விஷம். அதன் இலையில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. இலை நசுங்கியதும் ஒரு நொதி அதை உடைக்க, சயனைடு வெளிப்படுகிறது. ஜப்பானியர் காலத்தில் மரவள்ளியை நம்பி உயிர் பிழைத்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். கொழுந்தை நன்றாக வேகவைத்து நீரை வடிக்காமல் அவர்கள் வாயில் வைத்ததில்லை. மரவள்ளி இலை ஒருபோதும் பிளெண்டருக்குள் போகக்கூடாது.

எல்லோரும் நினைவில் வைத்திருக்க வேண்டிய நிகழ்வு தைவானில் நடந்தது. செக்கூர் மானிஸ் நம் சந்தையில் சாதாரணக் கீரை. தமிழ்நாட்டில் தவசிக்கீரை என்றும் மல்டிவைட்டமின் கீரை என்றும் சொல்வார்கள். மலேசியக் குடும்பங்கள் தலைமுறைகளாக அதை முட்டையோடு வதக்கியும் குழம்பில் போட்டும் உண்டுவருகின்றன. 1994, 1995 ஆண்டுகளில் தைவானில் உடல் எடை குறையும் என்று நம்பி அதே இலையைச் சமைக்காமல், கொய்யாச் சாற்றோடும் அன்னாசிச் சாற்றோடும் அரைத்து, நாள்தோறும் வாரக்கணக்கில் குடித்தார்கள். பெரும்பாலும் பெண்கள். நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு இருமலும் மூச்சுத்திணறலும் வந்தன. நுரையீரலின் மெல்லிய மூச்சுக் குழல்கள் தழும்பேறி அடைத்துப்போயிருந்தன. பானத்தை நிறுத்திய பிறகும் அது மாறவில்லை. சிலர் இறந்தார்கள். சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை வரை போக வேண்டியிருந்தது. 1996-இல் லான்செட் மருத்துவ ஏடு இதை உலகுக்குத் தெரிவித்தது.

இலை ஒன்றே. மாறியவை மூன்று: சமைத்தது பச்சையானது, ஒரு கரண்டி ஒரு குவளையானது, எப்போதோ உண்டது தினப்படி ஆனது. சட்டியில் ஒரு கட்டுக் கீரை வதங்கி ஒரு குடும்பத்துக்குக் கறியாகும். பிளெண்டரில் அதே கட்டு ஒருவரின் ஒரே மூச்சுக்கு அடங்கிவிடும்.

பசலையிலும் தண்டுக்கீரையிலும் இருக்கும் ஆக்சலேட்டும் இந்த அளவுக் கணக்கில்தான் வருகிறது. அது சிறுநீரகத்தில் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகும். வேகவைத்து நீரை வடித்தால் கணிசமாகக் குறையும், பச்சையாக அரைத்தால் முழுவதும் உள்ளே போகும். பச்சை ஸ்மூத்தி குடித்து 'உடலைச் சுத்தம் செய்ய' முயன்ற 65 வயதுப் பெண்ணொருவரின் சிறுநீரகம் ஆக்சலேட்டால் செயலிழந்ததை 2018-இல் அமெரிக்கச் சிறுநீரக மருத்துவ ஏடு பதிவு செய்தது. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் நட்சத்திரப்பழச் சாறு இன்னும் கடுமையானது. அதிலுள்ள காரம்பாக்சின் என்ற நச்சைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் அடையாளம் கண்டார்கள். நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். சிறுநீரக நோயாளிக்கு விடாத விக்கலில் தொடங்கி, வலிப்பிலும் மரணத்திலும் முடியலாம்.

சரியான ஒரு குவளை

அப்படியானால் எந்த இலை? இதற்கு நம் அண்டை வீட்டு மலாய்ச் சமையலில் விடை இருக்கிறது. அவர்கள் பச்சையாகவே உண்ணும் இலைத் தட்டுக்கு உலாம் என்று பெயர். பெகாகா என்று அவர்கள் சொல்லும் வல்லாரைக்கு அதில் எப்போதும் இடம் உண்டு. நாம் துவையல் அரைப்பதும் அதைத்தான். பல தலைமுறைகள் பச்சையாக உண்டு பார்த்த இலையே பிளெண்டருக்கு ஏற்ற இலை. அதிலும் அளவு வேண்டும். வல்லாரையை மாத்திரையாக வாரக்கணக்கில் விழுங்கியவர்களுக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவப் பதிவு உண்டு.

ஒருவருக்கு ஒரு சிறு கைப்பிடி வல்லாரை போதும். ஈர நிலத்தில் படர்வதால் நத்தையும் அதன் எச்சிலும் ஒட்டியிருக்கும். எலியிலிருந்து நத்தைக்கு வந்து மனித மூளையைத் தாக்கும் புழு ஒன்று நம் பகுதியில் உண்டு. ஆகவே தண்டு தண்டாகப் பிரித்து, ஓடும் தண்ணீரில் இலையின் இரு பக்கமும் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். முதலில் இலையையும் தண்ணீரையும் மட்டும் நன்றாக அரையுங்கள். பிறகு நான்கு துண்டு அன்னாசி, ஒரு தேக்கரண்டி தேங்காய்ப்பால். லீமாவ் கஸ்தூரியைக் குடிக்கும் நேரத்தில் பிழியுங்கள். அதன் வைட்டமின் சி, இலையின் இரும்பு உடலில் சேர உதவும். பச்சை மங்குவதற்குள் குவளை காலியாகிவிடும். வடிகட்ட வேண்டாம். நாரைத் தூக்கி எறிந்தால் அதன் பயனும் போய்விடும்.

வாழைப்பழம் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் பெர்ரி, கோக்கோ போன்றவற்றோடு அதை அரைத்தால், வெட்டிய பழத்தைக் கறுக்கச் செய்யும் அதே நொதி அவற்றின் ஃபிளவனால்களைச் சிதைத்துவிடுகிறது. 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்களின் உடலில் சேர்ந்த ஃபிளவனால் 84 விழுக்காடு குறைந்திருந்தது. அன்னாசியிலும் மாம்பழத்திலும் அந்த நொதி குறைவு.

சீனி வேண்டாம், கெட்டிப்பாலும் வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செபராங் பிறையின் மண் கரும்புத் தோட்டங்களாக இருந்தது. அந்தக் கரும்பை வெட்டக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் நம் முன்னோர். இன்று அதே மண்ணில், வீட்டுக்கு வீடு நீரிழிவு மாத்திரை இருக்கிறது. கீரைச் சாற்றிலாவது அந்தச் சீனியைச் சேர்க்காமல் விடுவோம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் உட்கொள்கிறவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். அவர்களும் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

மற்றவர்களுக்கு ஒரே விதி போதும். தட்டில் பச்சையாக எந்த இலையை எவ்வளவு தின்போமோ, குவளையிலும் அந்த இலையே, அந்த அளவே. தட்டில் வைத்துத் தின்னத் தயங்கும் எதையும் பிளெண்டரில் போட்டுக் குடிக்காதீர்கள்.