சுண்ணாம்பு ஊரில் ரோஜாக் குச்சி

அரியலூரில் ரோஜாக் குச்சியை ஊன்றித் துளிர்க்க வைப்பது பெரிய வித்தை இல்லை. துளிர்த்தது ஆறு மாதம் கழித்தும் பச்சையாக நிற்பதுதான் வித்தை.

முதலில் குச்சியைப் பார்ப்போம். பூத்து முடிந்த கிளையில், பென்சில் கனத்தில், இளம்பச்சையாகவும் இல்லாமல் முற்றிய கட்டையாகவும் இல்லாமல் உள்ள பகுதிதான் தோது. முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினால் பட்டென்று ஒடிந்து வர வேண்டும், அதுதான் பக்குவம். ஒரு சாண் நீளம், மூன்று நான்கு கணுக்கள் போதும். அடிப்பக்கம் கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டுங்கள். மேல்பக்கம் சாய்வாக வெட்டினால் தண்ணீர் தங்காது. தலை எது, கால் எது என்ற குழப்பமும் வராது. தலைகீழாக ஊன்றிய குச்சி பெரும்பாலும் வீண்தான்.

ஏன் வீண்? மொட்டிலும் இளம் இலையிலும் உண்டாகும் ஆக்சின் என்ற வளர்ச்சிப் பொருள், தண்டில் மேலிருந்து கீழாகவே இறங்கும். கிளையை வெட்டிவிட்டால் மேற்கொண்டு போக வழியில்லாமல் அடிவெட்டில் தேங்கும். அங்கே காயத்தை மூட வெளிறிய திசு திரளும். பட்டைக்கு உட்புறம் உள்ள சில செல்கள் தண்டு வேலையை விட்டுவிட்டு வேராக மாறத் தொடங்கும். நெதர்லாந்தின் ஃபிரிட்ஸ் வென்ட் 1920களில் ஓட்ஸ் முளையின் நுனியை நறுக்கி அகர் கூழின் மேல் வைத்து, இந்தப் பொருள் கூழுக்குள் இறங்குவதைக் காட்டினார். உரக்கடை வேரூக்கிப் பொடிகள் பலவற்றில் இருக்கும் ஐ.பி.ஏ. இதே இனம். குச்சியின் எல்லா இலைகளையும் உருவிவிடாமல் உச்சியில் ஒன்றிரண்டை விடச் சொல்வதும் இதற்காகத்தான். குச்சியை உருளைக்கிழங்கில் குத்தி நடும் யோசனை ஊரெல்லாம் சுற்றுகிறது. கிழங்கு அழுகும்போது குச்சியும் சேர்ந்து அழுகலாம். கிழங்கைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பனி விழும் மாதங்கள் இதற்கு ஏற்றவை. மணலும் தேங்காய் நார்க்கழிவும் பாதிக்குப் பாதி கலந்து, இரண்டு கணு புதையும்படி ஊன்றி, அடியை வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, வெயில் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். பத்து நாளில் துளிர் தெரியும். அதை நம்பிவிடக் கூடாது: தண்டில் சேமித்திருந்த மாவுப்பொருளைச் செலவழித்து வரும் துளிர் அது. வேர் இறங்க மூன்று நான்கு வாரம் ஆகும். அதற்குள் பிடுங்கிப் பார்க்கும் கைகளால்தான் பாதிக் குச்சிகள் சாகின்றன.

இனி அரியலூர்ப் பிரச்சினை. இங்கே கிரெட்டேசியஸ் காலத்தில் கடல் இருந்தது. அதன் சிப்பிகளையும் நத்தைகளையும் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் சிமென்ட் ஆலைகளை இங்கே வரவழைத்தது. பல இடங்களில் மண்ணிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலும் இருப்பது அதே சுண்ணாம்புதான். ரோஜா சற்றே அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்புவது; கார அமிலக் குறியீடு 6 முதல் 6.5 வரை இருந்தால் செழிக்கும். சுண்ணாம்பு மண்ணில் அது 8ஐத் தொடும். அங்கே இரும்புச்சத்து இருந்தும் கரையாமல் கிடக்கும், வேரால் எடுக்க முடியாது. பச்சையம் உருவாக இரும்பு வேண்டும். பழைய இலையிலிருந்து இரும்பு இளம் இலைக்கு எளிதில் நகராது என்பதால், நரம்பு மட்டும் பச்சையாக, கொழுந்துதான் முதலில் மஞ்சளிக்கும். அடி இலை முதலில் மஞ்சளித்தால் அது பெரும்பாலும் தழைச்சத்துக் குறை; யூரியாவைத் தேடலாம். கொழுந்து மஞ்சளுக்கு யூரியா போட்டுப் பயனில்லை.

மருந்து மலிவானது. நிலக்கடலை மஞ்சளித்தால் தெளிக்கும் அதே அன்னபேதி என்ற இரும்பு உப்பு, லிட்டருக்கு 5 கிராம், சில சொட்டு எலுமிச்சைச் சாறோடு, மாலையில் இலைமேல் தெளிக்கலாம். ஆனால் வராமல் தடுப்பதே மேல். வேர்விட்ட குச்சியைத் தொட்டிக்கு மாற்றும்போது வீட்டடி மண்ணை விட்டுவிட்டு, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிக்காட்டுச் செம்மண்ணோடு மட்கிய தொழுவுரம் கலந்து நிரப்புங்கள். மாடியில் மழைநீரைப் பிடித்து வைத்தால் தொட்டிக்கு அதுவே போதும். ரோஜாவுக்கு முட்டை ஓட்டுத்தூள் போடச் சொல்வார்கள். முட்டை ஓடும் சுண்ணாம்புதான், இந்த ஊர் மண்ணில் அதைக் கொட்டுவதை நான் ஒப்ப மாட்டேன்.

ரகமும் முக்கியம். எட்வர்டு ரோஜா, ஆந்திரா சிவப்பு ரோஜா இரண்டும் குச்சியில் நன்றாக வரும். நர்சரியில் விற்கும் பெரிய பூ ஹைப்ரிட் ரகங்கள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். வேர் ஒரு ரோஜா, பூ இன்னொரு ரோஜா. அவற்றின் குச்சி பிடித்தாலும், இரவல் வேரின் வலு இல்லாமல் நோஞ்சானாக நிற்பதுண்டு. குச்சிச் செடிக்கு ஒரு சலுகை உண்டு: மேலே கருகி அடியிலிருந்து கிளைத்தாலும் அதே ரோஜாதான் பூக்கும். ஒட்டுச்செடியில் ஒட்டுக்குக் கீழே கிளம்புவது வேர்ச்செடியின் போத்து; கண்டதும் வெட்டிவிட வேண்டும்.