தொட்டிக்குள் ஒரு திணைமயக்கம்

தமிழாசிரியனுக்கும் மீன்தொட்டிக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையின் பழைய மாணவர் ஒருவர் கண்ணாடித் தொட்டியொன்றை அன்பளிப்பாகக் கொணர்ந்தார். நீளம் இரண்டடி, அகலமும் உயரமும் ஒவ்வோரடி. ஏறக்குறைய 55 லீற்றர் நீர் கொள்ளும். விஞ்ஞான கூடத்தில் இடமின்மையால் அது நூலகத்துக்கு வந்தது. நூலகம் என் பொறுப்பில் இருந்தமையால் மீன்களும் என் பொறுப்பாயின.

மீன்களைத் தெரிந்தெடுக்க நானே கடைக்குச் சென்றேன். தெரிவுக்கு நான் கொண்ட அளவுகோல் என் கண்கள் மட்டுமே. நீலமும் செம்மையும் ஒளிரும் நியோன் ரெட்ரா பன்னிரண்டு. பிறைமதி போன்ற ஏஞ்சல் மீன், உள்ளங்கையளவின, இரண்டு. கருங்கோடுகள் வரைந்த ரைகர் பார்ப் இரண்டு. தோகை விரித்தாற்போன்ற வாலையுடைய கப்பி நான்கு. எல்லாம் ஒன்றாய் வாழுமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. அன்று மாலையே இருபது உயிர்களையும் அப்பொழுதுதான் கிணற்றிலிருந்து மொண்டு நிரப்பிய நீரில் விட்டேன்.

எட்டாந் தரத்து மாணவன் ஒருவன் நாள்தோறும் காலையில் முதல் ஆளாய் வருவான். நியோன்களை எண்ணி, நூலகக் கரும்பலகையின் மூலையில் எழுதிவைப்பான். 12, 12, 11, 9 என்று அவ்வெண் இறங்கிற்று. ஏஞ்சல் மீன்களின் நீண்ட செட்டைகள் கந்தலாயின. கப்பிகளின் தோகையைக் காணோம். மூன்றாம் வாரத்துத் திங்கட்கிழமை அவன் எழுதிய எண் 3. மறுநாள் அவன் வரவில்லை. அழைத்துக் கேட்டேன்.

“எண்ணுறதுக்கு ஒண்டும் இல்லை, சேர்” என்றான்.

அந்தச் சொல் என்னை வெகுவாக வருத்தியது. விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியையிடம் முறையிட்டேன். அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. ஆசிரியர் அறையிலிருந்த தேநீர்க் கேத்திலை எடுத்துவந்து அதன் உட்புறத்தைக் காட்டினார். அடியில் வெண்சுண்ணம் தடிப்பாகப் படிந்திருந்தது.

“மாஸ்ரர், இதுதான் எங்கட கிணற்றுத் தண்ணி. அமேசன் காட்டு மீனுக்கு இது கடலைப் போல” என்றார்.

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கற்பாறையின்மேல் அமைந்தது. அப்பாறையூடாக ஊறிவரும் நீர் கல்சியம் மிகுந்த வன்னீர். நியோனோ உக்கிய இலைகளின் சாறூறிய, அமிலத்தன்மை வாய்ந்த மென்னீர் ஓடைகளுக்குரியது. கப்பி, மொலி, பிளாற்றி என்பன வன்னீரிற் செழிப்பவை. ஒரே தொட்டியில் இரு நாட்டு நீரை வைத்தல் எவ்வாறு இயலும்? ஆண்டாண்டாக நான் வகுப்பிற் சொல்லிவந்த பாடமொன்று அப்பொழுது நினைவுக்கு வந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து உயிர்கள் கருப்பொருள். திணைகள் தம்முள் மயங்குதலைத் தொல்காப்பியர் விலக்கவில்லை. ஆயின் நிலங்கள் மயங்குதலை அவர் ஒப்பவில்லை. முதற்பொருளை நோக்காது கருப்பொருளைக் கூடையில் அள்ளிவந்தவன் நான்!

ஆயினும் நிலம் ஒன்றே போதுமானதன்று. நியோனும் ஏஞ்சலும் ஒரே அமேசன் வடிநிலத்தின் பிள்ளைகள். அப்படியிருந்தும் ஏஞ்சல் நியோனை உண்டது. ஏஞ்சலின் உடல் 15 சென்ரிமீற்றர்வரை வளரும். நியோன் நான்கு சென்ரிமீற்றரை எட்டுவதே அரிது. வாய்க்குள் அடங்குவது எதுவும் அயலவன் அன்று, உணவே. மீனின் குணம் சாதுவானதா என்று கேட்பதற்கு முன்னர், முழுவளர்ச்சியில் அதன் வாய் எவ்வளவு என்று கேட்டல் வேண்டும்.

செட்டைகளைக் கிழித்தவை ரைகர் பார்ப்புகள். அவை கொடியவை என்று நான் வைதபோது ஆசிரியை மறுத்தார். அவை கூட்டமாய் வாழும் இனம். எட்டு, பத்து என்று சேர்ந்திருப்பின் தம்முள்ளேயே துரத்தி, தம் வரிசையைத் தாமே தீர்த்துக்கொள்ளும். இரண்டை மாத்திரம் பிரித்துவைத்தால் அவ்வேகமெல்லாம் ஆறி நீந்தும் நீண்ட செட்டைக்காரர்மீது பாயும். பின்னர் அவ்விரண்டையும் நண்பர் ஒருவரின் பெருந்தொட்டியில் அவற்றின் இனத்தவர் பத்தோடு சேர்த்தோம். பிறரை அவை நாடவில்லை. துணையைத் தெரிதல் என்பது வேற்றினத்தைத் தெரிதல் மட்டுமன்று. தன்னினம் போதிய அளவு இருத்தலும் அதன் பாற்படும்.

மிகப் பெரிய பிழை வேறொன்று. புதிய தொட்டியில் மீனின் கழிவிலிருந்து அமோனியா பிறக்கும். அதனை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், மற்றொரு வகை நைத்திரேற்றாகவும் மாற்றும். முன்னைய இரண்டும் நஞ்சு; இறுதியானது பெரிதும் தீங்கற்றது. இப்பற்றீரியாக்கள் வடிகட்டியில் வேரூன்ற நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். கண்ணுக்குத் தெரியாத இக்குடிகள் வந்தமர்வதற்கு முன்னரே இருபது விருந்தினரை நான் அழைத்துவிட்டேன்.

இவ்வுண்மையின் ஒரு பகுதியை 1850ஆம் ஆண்டிலேயே இலண்டன் இரசாயன அறிஞர் ரொபேட் வாரிங்டன் எடுத்துரைத்தார். அவர் ஒரு பாத்திரத்தில் இரண்டு சிறு பொன்மீன்களையும் வலிசினேரியாச் செடியையும் வைத்தார். செடி ஒட்சிசனைத் தந்தது. ஆனால் அழுகிய இலைகளால் நீர் கலங்கிற்று. பின்னர்க் குளத்து நத்தைகளை இட்டார். நத்தைகள் அழுகலை உண்டன, அவற்றின் முட்டைகள் மீனுக்கு இரையாயின, நீர் தெளிந்தது. 1853இல் இலண்டன் விலங்கியற் பூங்காவில் பொதுமக்களுக்கான மீனகம் திறக்கப்படுவதற்கு முன்னரே, அழகற்ற ஒரு நத்தைதான் சரியான அயலவன் என்பது இவ்வாறு தெரியவந்தது.

எஞ்சிய நியோன்கள் பிழைக்கவில்லை. ஏஞ்சல் மீன்களையும் நண்பரே ஏற்றுக்கொண்டார். “குளத்தில் விட்டுவிடலாமே” என்றனர் சிலர். அது கருணையன்று. பாசி தின்னுமென விற்கப்படும் பிளெக்கோ மீன் ஓரடிக்கு மேல் வளர்வது. தொட்டிக்குள் அடங்காமல் வெளியே விடப்பட்டு, இன்று இலங்கை நீர்நிலைகளில் அந்நியக் குடியாய்ப் பெருகியுள்ளது.

முதற்றொட்டியைக் கிணற்றுநீருக்கே உரியதாக்கினோம். எஞ்சியிருந்த கப்பிகளுக்குத் துணையாய் மேல்நீரிற் சில கப்பிகள், நடுநீரில் ஐந்து பிளாற்றிகள், அடிமணலைத் துழாவ, ஓரளவு வன்னீரையும் தாங்கும் பித்தளைநிறக் கோரிடோராஸ் ஆறு. ஒவ்வொன்றுக்கும் தன் தளம் இருந்தமையால் ஒன்றன் வழியில் ஒன்று குறுக்கிடவில்லை. ஒரே நாளில் அன்றி, வாரத்துக்குச் சிலவாக அவற்றை விட்டோம்.

மாணவன் மீண்டும் வரத் தொடங்கினான். ஒருநாள் நூலொன்றில் இலங்கைக்கே உரிய இரு மீன்களைக் கண்டான். ஒன்று செரி பார்ப். சிங்களத்தில் லே தித்தெயா. 1929இல் தெரணியகல அதனை உலகுக்கு விவரித்தார். ஐந்து சென்ரிமீற்றர் நீளம். இனம்பெருக்குங் காலத்தில் ஆண்மீன் குருதிச் செம்மை கொள்ளும். மற்றையது கறுப்பு ரூபி பார்ப். சிங்களத்தில் புலத் ஹபயா, வெற்றிலை மெல்லுபவன் என்பது பொருள். ஆண்மீனின் முகம் அவ்வாறு சிவந்திருக்கும்.

“சேர், எங்கட நாட்டு மீன் எங்கட தொட்டியில வாழாதோ?”

இரண்டும் தென்மேற்கின் மழைக்காட்டு நிழலோடைகளுக்கு உரியவை, மென்னீர்க் குடிகள். பண்ணையிற் பிறந்த செரி பார்ப் சற்றே கடினமான நீருக்கும் இணங்குமாயினும், எம் கேத்திலைக் கண்ட பின்னர் எனக்குத் துணிவு வரவில்லை. “மழை பெய்யட்டும்” என்றேன்.

அவ்வாண்டு மாரி தவறவில்லை. முதல் மழைகள் கூரைத் தூசியைக் கழுவட்டுமென விட்டு, பின்னர் வந்த நீரை மாணவர்கள் பீப்பாய்களில் ஏந்தினர். மழைநீர் மூன்று பங்கு, கிணற்றுநீர் ஒரு பங்கு எனக் கலந்து இரண்டாந் தொட்டியை நிரப்பினோம். பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சிற் பாதியைப் புதியதற்கு மாற்றினோம். பற்றீரியாக்கள் அதனோடு குடிபெயர்ந்தன. செடிகளை அடர்த்தியாய் நட்டோம். ஓடையிற் பிடித்தவை வேண்டா, பண்ணையில் வளர்த்தவையே வேண்டுமெனச் சொல்லிவைத்து எட்டு செரி பார்ப்புகளைப் பெற்றோம்: ஆண் மூன்று, பெண் ஐந்து. வேறெவரும் அத்தொட்டியில் இல்லை.

மறுநாட் காலை கரும்பலகையின் மூலையில் 8 என எழுதப்பட்டிருந்தது. மாசி முடியும்வரை அவ்வெண் மாறவில்லை. அதன்பின் அவன் எண்ணுவதை விட்டுவிட்டான். பெண்மீன்கள் எந்தச் செடியின் அடியில் நெடுநேரம் நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளத் தொடங்கினான்.