பயத்தின் ருசி – 9: பல்குத்தும் குச்சியாகிப் போன களஞ்சியம்

இந்தத் தொடரில் முன்பு வந்த லியான்டியஸை மறந்திருக்க மாட்டீர்கள். மதில் ஓரம் கிடந்த பிணங்களைப் பார்க்கக் கூடாதென்று முகத்தை மூடிக்கொண்டு, கடைசியில் தன் கண்களைத் தானே திட்டியபடி ஓடிப்போய்ப் பார்த்த கிரேக்கன். இந்த வாரம் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் கூழ் காய்ச்சும் களத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் வாரத் தொடக்கத்தில் படித்த ஒரு சங்கதி என்னைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் ஒரு கிராமம். அங்கே மரப்பலகையால் கட்டிய ஒரு தானியக் களஞ்சியத்தில் கொலை நடக்கிறது. பார்க்க வந்த ஜனங்கள் சும்மா பார்த்துவிட்டுப் போகவில்லை. ஆளுக்கொரு பலகையாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தப் பலகைகளைச் சீவிப் பல்குத்தும் குச்சிகளாக்கி விற்றார்கள். ஒரு பெண்ணைச் சுட்டுப் புதைத்த இடத்தின் மரத்தை வாங்கி வாயில் வைத்துக்கொள்ள ஆள் இருந்தது. இந்த விற்பனை நடந்தது 1828-ல்.

ஊரின் பெயர் போல்ஸ்டெட். கிழக்கு இங்கிலாந்தில், சஃபோக் பகுதியில் இருக்கிறது. அங்கே மரியா மார்ட்டென் என்றொரு பெண். அப்பா, வயல்களைக் குடைந்து பாழாக்கும் சிறு பிராணிகளைப் பிடித்துக் கொடுத்துப் பிழைப்பவர். மரியா மணமாகாமலே தாயானவள். வில்லியம் கார்டர் அதே ஊர்க் குடியானவன் வீட்டுப் பையன். அவளைவிட இரண்டு வயது இளையவன். மணமாகாமல் பிள்ளை பெற்றதற்காக உன்னைக் கைதுசெய்யப் போகிறார்கள் என்று அவளைப் பயமுறுத்தினான். ஆண் உடையில் களஞ்சியத்துக்கு வந்துவிடு, அங்கே உடை மாற்றிக்கொள், இப்ஸ்விச் நகருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றான். 1827 மே 18 அன்று அவள் போனாள். அதற்குப்பின் அவளை உயிரோடு யாரும் பார்க்கவில்லை.

மரியாவின் வீட்டாருக்குக் கார்டர் கடிதம் மேல் கடிதம் எழுதினான். நாங்கள் சௌக்கியம், அவளுக்குக் கை வலி, அதனால்தான் அவள் எழுதவில்லை என்று விதவிதமான சாக்குகள். பதினொரு மாதம் ஓடியது. மரியாவின் சிற்றன்னை ஆன், களஞ்சியத்தில் மரியா புதைந்து கிடப்பதாகத் தனக்குக் கனவு வருகிறது என்று கணவரிடம் சொன்னாள். 1828 ஏப்ரல் 19. தன் தொழிலுக்கு வைத்திருந்த இரும்புக் கருவியை எடுத்துக்கொண்டு அப்பா களஞ்சியத்துக்குப் போனார். தரையில் குத்திக் குத்திப் பார்த்தார். ஓரிடத்தில் மண் இளக்கமாக இருந்தது. தோண்டினார். உடல் கிடைத்தது. கழுத்தில் கார்டரின் பச்சைக் கைக்குட்டை.

கார்டரைப் பிடிக்க லண்டனிலிருந்து அதிகாரி போனபோது அவன் லண்டனுக்கு அருகே பெண்பிள்ளைகள் விடுதிப் பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டிருந்தான். பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரம் கொடுத்துக் கல்யாணமும் செய்திருந்தான். அதிகாரி உள்ளே நுழைந்த நிமிடத்தில் கடிகாரத்தைக் கண்முன் வைத்துக்கொண்டு, காலை உணவுக்கு முட்டை வேக எத்தனை நிமிடம் என்று பார்த்துக்கொண்டிருந்தானாம். இந்த முட்டையை யாரும் விடவில்லை. கொலையைப் பற்றி எழுதியவர்கள் கையிலெல்லாம் இது ஏறியிருக்கிறது. நானும்தான் விடவில்லை, பாருங்கள். சிற்றன்னை கனவு கண்டதையும், அப்பா மண்ணைக் குத்தியதையும் தாண்டி முட்டையில் வந்து நிற்கிறோம். கொடூரத்தின் பக்கத்தில் ஒரு சாதாரணப் பொருளை வைத்தால் கொடூரம் கைக்கு எட்டிவிடுகிறது. கதை சொல்லத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும்.

அதன்பின் திருவிழாதான். விசாரணை தொடங்க இன்னும் வாரங்கள் இருக்கையிலேயே, ஜூலையில் நடந்த போல்ஸ்டெட் செர்ரித் திருவிழாவில் இந்தக் கொலையைக் காட்சியாக்கிக் காட்டினார்கள். களஞ்சியத்தின் அருகே ஒரு போதகர் ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிப் பிரசங்கம் செய்தார். விசாரணை நடந்த பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகரின் விடுதிகள் நிரம்பிவிட்டன. நீதிமன்றத்துக்குள் போக அனுமதிச்சீட்டு. 1828 ஆகஸ்ட் 11 அன்று கார்டரைத் தூக்கிலிட்டபோது கூடியவர்கள் 7,000 என்போரும் உண்டு, 20,000 என்போரும் உண்டு. தூக்குக்கயிற்றை அங்குலம் ஒரு கினி விலைக்கு விற்றார்கள். உடலைக் கீறி நீதிமன்றக் கட்டடத்திலேயே காட்சிக்கு வைக்க, 5,000 பேருக்கு மேல் வரிசையில் வந்து பார்த்தார்கள். அவன் தோலை ஒரு மருத்துவர் பதனிட்டு, இந்த வழக்கைப் பற்றிய புத்தகம் ஒன்றுக்கு அட்டை போட்டார். அந்தப் புத்தகம் இன்றும் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

எலும்புக்கூட்டின் கதை இன்னும் மோசம். உள்ளூர் மருத்துவமனையில் வைத்திருந்தார்களாம். யாராவது அருகே வந்தால் அதன் கை எழும்பி நன்கொடைப் பெட்டியைக் காட்டும்படி விசை பொருத்தியிருந்தார்கள் என்று சொல்கிறார்கள். 2004-ல்தான் அந்த எலும்புகளை எரித்தார்கள். தூக்கிலிட்டு 176 வருஷம் கழித்து.

லண்டனில் செவன் டயல்ஸ் பகுதியில் ஜேம்ஸ் கேட்னக் என்ற அச்சுக்காரர் இருந்தார். கொலை, தூக்கு, பேய் எல்லாவற்றையும் ஒரே தாளில் அச்சடித்துத் தெருத்தெருவாக விற்பது அவர் தொழில். கார்டரின் ‘கடைசி வாக்குமூலம்’ என்று அவர் போட்ட தாள் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றதாகச் சொல்லப்படுகிறது. அப்போது இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டின் மொத்த ஜனத்தொகையே ஏறத்தாழ ஒரு கோடியே நாற்பது லட்சம். குற்றவாளியே பாடுவதுபோல் அதில் பாட்டும் உண்டு. இப்படித் தாள் போட்டு விற்பவர்கள் பலர் தூக்குக்கு முன்பே ‘கடைசி வார்த்தை’யை எழுதி அச்சேற்றிவிடுவார்கள். தூக்குமேடையின் கீழே கூவி விற்க வேண்டுமே.

நம் கொலைச்சிந்துகளை அறிந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சந்தையிலும் ரயிலிலும் பாடிப் பாடி விற்ற மட்டக் காகிதப் புத்தகங்கள்தான் எத்தனை! நடந்த கொலை, கவிழ்ந்த ரயில், அடித்த புயல், எல்லாவற்றுக்கும் சிந்து உண்டு. சென்னையின் குஜிலிக் கடைகளில் அடுக்கி வைத்து விற்றார்கள். அந்தப் பாட்டைக் கேட்டு அழுதவர்கள்தான் காசு கொடுத்தார்கள். அழுகையும் ரசனையும் ஒரே கையால் காசை நீட்டின. இந்தச் சிந்துகளுக்கு மட்டுமே இரண்டு வாரம் ஒதுக்க நினைத்திருக்கிறேன், இப்போது தொட்டுவிட்டு நகர்கிறேன்.

எட்மண்ட் பர்க் 1757-ல் ஒரு விஷயம் எழுதினார். அருமையான துன்பியல் நாடகம் நடக்கும் அரங்கில், பக்கத்துச் சதுக்கத்தில் உயர்குடிக் குற்றவாளி ஒருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப் போகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள், அரங்கு காலியாகிவிடும் என்றார். அதற்கு அவர் தந்த விளக்கம் கருணையானது. பிறர் துன்பத்தைப் பார்ப்பதில் ஓர் இன்பம் கலந்திருப்பதால்தான் நாம் விலகி ஓடாமல் அருகே போகிறோம், அருகே போவதால் உதவுகிறோம் என்பது அவர் வாதம்.

போல்ஸ்டெட்டுக்குப் போன கூட்டத்தை வைத்துப் பார்த்தால் இந்த வாதம் எனக்கு நிற்கவில்லை. 1828-ல் மட்டும் அந்தக் கிராமத்துக்கு இரண்டு லட்சம் பேர் வந்ததாக ஒரு மதிப்பீடு. மார்ட்டென் வீட்டில் மரியாவின் பிள்ளை, ஒரு சின்னஞ்சிறு பையன், தாத்தாவோடு இருந்தான். வந்தவர்கள் களஞ்சியத்துக்குப் போனார்கள்.

எதற்காகப் போனார்கள்? ரத்தத்துக்காக என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் போனது அந்தக் கனவுக்காக. அம்மா ஸ்தானத்தில் இருப்பவளுக்குக் கனவு வந்து, மண் திறந்து, கொலைகாரன் அகப்பட்டு, தூக்குமேடையில் ஒப்புக்கொண்டு சாகிறான். முடிவு தெரிந்த கொடூரம். உலகத்தில் நடக்கும் பெரும்பாலான கொடுமைகளுக்குக் கனவு வருவதில்லை, மண் திறப்பதில்லை. இங்கே ஒன்றே ஒன்று முழுசாக, தலையும் வாலுமாக வாய்த்திருந்தது. அதன் ஒரு சிம்பை வீட்டுக்கு எடுத்துப் போக ஆசைப்பட்டார்கள். கார்டரின் ‘கடைசி வாக்குமூல’த் தாள் அவ்வளவு விற்றது என்பதை இதோடு வைத்துப் பார்க்கிறேன்.

ஆனால் முழுசாக்க வேண்டுமென்றால் ஆளைச் செதுக்க வேண்டும். மேடை நாடகங்களில் மரியா பெரும்பாலும் ஒன்றுமறியாத கிராமத்துக் கன்னி ஆனாள். அவளைவிட இளைய, தடுமாறிய, பொய் சொல்லத் தெரிந்த கார்டர், வயதேறிய ஜமீன்தார் ஆனான். 1935-ல் வந்த படத்திலும் கார்டராக நடித்த டாட் ஸ்லாட்டர் அப்படித்தான் வந்து நின்றார். பிள்ளை பெற்றவள், ஊராரின் பேச்சைத் தாங்கியவள், கைதாகிவிடுவோமோ என்ற பயத்தில் ஆண் உடையில் வயலைக் கடந்து போனவள். அந்த மரியாவைக் கூட்டம் சகித்திருக்காது. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. கொன்றவன் ஒரு தடவை கொன்றான். கதைகள் நூறு வருஷம் அவளை வேறு ஆளாக்கிக்கொண்டே இருந்தன.

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். “இதையெல்லாம் விலாவாரியாக எழுதுகிறீர்களே ஐயா, நீங்களும் லியான்டியஸைப் போல ஓடிப்போய்த்தானே பார்க்கிறீர்கள்?” போன இதழைப் படித்துவிட்டு எழுதியது. கேட்க வேண்டிய கேள்வி. பார்ப்பதே பாவம் என்று நான் நினைக்கவில்லை அம்மா. பார்த்தபின் யாரை நினைவில் வைத்துக்கொண்டோம் என்பதைக் கேட்கலாம். கார்டரின் முகத்தை அச்செடுத்து வைத்தார்கள், தோல் பத்திரமாக இருக்கிறது. போல்ஸ்டெட் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் மரியாவுக்கு ஒரு கல் நட்டிருந்தார்கள். வந்தவர்கள் நினைவுப்பொருளாகக் கொத்திக் கொத்தி எடுத்ததில் அந்தக் கல்லே இல்லாமல் போய்விட்டது. இன்ன இடத்தில் இருந்திருக்கலாம் என்று ஓர் அறிவிப்புப் பலகைதான் இருக்கிறது. களஞ்சியமும் 1842-ல் எரிந்துபோனது.

முடிவு தெரிந்த கொடூரத்தைத்தான் ஜனங்கள் விரும்புகிறார்கள் என்றேன். அப்படியானால் 1888-ல் லண்டனில் பெண்களைக் கொன்று, யாரென்றே தெரியாமல் மறைந்துபோன ஜாக் த ரிப்பரை என்ன செய்வது? அவனைச் சுற்றி இன்றுவரை கூட்டம் குறையவில்லையே. என் வாதத்தை இடிக்கிற சாட்சி அது. அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன், பரணியை முடித்தபின் வருகிறேன்.

பரணி நிச்சயம் அடுத்த வாரம். பிணக்களத்தில் பேய்கள் அடுப்பு மூட்டிக் கூழ் காய்ச்சிப் பரிமாறுவதை ஜெயங்கொண்டார் ஒரு விருந்தாகவே பாடியிருக்கிறார். அந்தப் பகுதியில் அச்சமும் சிரிப்பும் ஒன்றாக வருவது எப்படி என்பதைப் பார்க்க வேண்டும். கூடவே தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டில் அச்சத்தையும் இளிவரலையும் உவகையோடு ஒரே வரிசையில் வைத்திருப்பதையும். பிரதி வைத்திருப்பவர்கள் கூழ் அடும் பகுதியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு வாருங்கள்.

(தொடரும்)